தேய்க்கக் கூடாது

அந்தப் பொம்பளைக்கு இடம் விடச் சொன்னதுக்கு எப்படி முறைக்கிறான் பாத்தீங்களா? கைக்குழந்தையோட பஸ்ஸுல நிக்குது அது. இவன் ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டு, காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். கழுத்துல காலேஜ் ஐடி கார்டு வேற தொங்குது. எந்தக் காலேஜோ, எந்த வாத்தியார் செஞ்ச பாவமோ. சீ.

கொஞ்சம் அக்கட்ட தள்ளிக்கங்க, போதும். உங்களுக்கும் ஈரோடுதானா? நல்லதாப் போச்சு.

நான் பிசிக்கல் டைரக்டருங்க. பேரு தெய்வசிகாமணி. காலேஜ் பேரு வேண்டாம், நாளைக்குச் சாயங்காலம் நான் அந்தக் காலேஜ்ல இருப்பனோ என்னமோ. காலையில என்மேல விசாரணை. ஒரு பையன் வந்து கமிட்டி முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொல்லணும், 'நானாத்தான் மறைச்சேன், சாருக்குத் தெரியாது'ன்னு. சொன்னான்னா என் வேலை தப்பிக்கும். சொல்லலைன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பையன் ஊருக்குத்தான் போயிட்டு வர்றேன், தாராபுரத்துக்கு அந்தப் பக்கம். அந்த வீட்டுல ஒரு வாய்த் தண்ணிகூட நான் குடிக்கலை.

பேஸ்பால்னா என்னன்னு தெரியுங்களா? தெரியாது, முகத்தைப் பாத்தாலே தெரியுது. பரவாயில்ல, எங்க கரெஸ்பாண்டென்டுக்கே தெரியாது. கிரிக்கெட்டுக்குப் பங்காளின்னு வச்சுக்கங்க. பேட்டு உலக்கை மாதிரி உருண்டையா இருக்கும். நாலு மூலையில நாலு பேஸ், ஓடிப் போய்க் கால் வைக்கிற இடம். அடிச்சுட்டு ஒவ்வொண்ணா ஓடி, ஒரு சுத்துச் சுத்திப் புறப்பட்ட இடத்துக்கே வந்தா ஒரு ரன். நம்ம பக்கம் எத்தனையோ காலேஜ்ல டீம் இருக்கு, வெளிய யாருக்கும் தெரியாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு கிடைக்கும், பின்னாடி வேலைக்கும் உதவும்னு பசங்க வருவாங்க.

வர்றப்ப எப்படி வருவாங்கன்னு நினைக்கிறீங்க? ஒருத்தன் தலை குருவிக்கூடு. ஒருத்தன் புருவத்துல பிளேடு வச்சுக் கோடு போட்டிருப்பான். நடந்தா செருப்பு தரையில தேயற சத்தம்தான் முன்னாடி வரும். கருமம், அதைப் பாத்த அன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது. அதனால முதல் நாளே சொல்லிருவேன், இங்க சட்டம் என்னோடதுன்னு. முடி, சீப்பு நிக்காத அளவு. சட்டை பேண்டுக்குள்ள. நான் உக்காரச் சொல்லாம எவனும் உக்காரக் கூடாது. நான் கேட்டா எஸ் சார், நோ சார், மூணாவது வார்த்தை கிடையாது. ஹாஸ்டல்ல கட்டிலுக்கு அடியில ஷூ எல்லாம் ஒரே கோட்டுல இருக்கணும். ஒரு ஷூவோட மூக்கு வெளிய நீட்டிட்டு இருந்தாலும் ரூம் மொத்தமும் கிரவுண்டைச் சுத்தணும். வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போன். தினம் அம்மாகிட்டப் பேசுறவன் பந்துக்கு முன்னாடி எப்படிங்க நிப்பான்?

ஆட்டத்துல அம்பயர்கிட்ட எவனும் வாயைத் திறக்கக் கூடாது. பேசுறதா இருந்தா நான் பேசுவேன்.

அப்புறம் இன்னொண்ணு. அதுதான் முக்கியம். பந்து மேல பட்டா தேய்க்கக் கூடாது.

கல்லு மாதிரி வரும் பந்து. தொடையில படும், முதுகுல படும், முழங்கையில படும். பட்ட இடத்தைத் தடவிக்கிட்டு ஆ ஊன்னு நெளியறதைப் பாத்தா எனக்கு அருவருப்பா இருக்கும். எதிராளி பாத்துட்டு இருக்கான்ல? சண்டிகர்ல ஒரு கேம்ப்புக்குப் போயிருந்தப்ப ஒருத்தர் சொன்னார், வெளிநாட்டுல பெரிய ஆட்டக்காரங்க அடிபட்டா தேய்க்க மாட்டாங்களாம், கௌரவக் குறைச்சலாம். கேட்டதும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். பயிற்சியில நானே எறிவேன். மேல படற மாதிரியே எறிவேன். பட்ட இடத்துக்குக் கை போச்சுன்னா அதே இடத்துக்கு மறுபடி எறிவேன். கொஞ்ச நாள்தாங்க, அப்புறம் எவன் கையும் போகாது. முகத்துல ஒரு சுருக்கம் விழாது. நீங்க பாத்திருக்கணும் எங்க பசங்க நிக்கிறதை. அழகுங்க. கண்ணுல ஒத்திக்கலாம்.

அதுலயும் இந்த நவநீதன் இருக்கானே, அவனுக்காகத்தான் இன்னைக்கு இத்தனை அலைச்சல். அப்பன் தேங்காய் உரிக்கிற கூலி. அம்மா கொப்பரைக் களத்துல வேலை செய்யறது. வந்த புதுசுல முள்ளு குத்துனாக்கூட அம்மான்னு கத்துவான். ஆட்டம் மட்டும் ரத்தத்துல இருந்துச்சு. அவனை அப்படியே தட்டித் தட்டிக் கொண்டு வந்தேன். யுனிவர்சிட்டி டீமுக்கு எடுத்தாங்க அவனை. யாரால? அதை இப்ப எவனும் பேச மாட்டேங்கிறான்.

இந்தத் தடவை காலேஜ்களுக்கான போட்டியில ஃபைனல் வந்துச்சு. தோத்தோம். தோத்தது யார்கிட்டன்னு சொன்னாத்தான் என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும். முடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுன பயலுககிட்ட! சூயிங்கம் மென்னுக்கிட்டு, ஒரு ரன் எடுத்தா வரிசையா நின்னு டான்ஸ் ஆடிக்கிட்டு. அவங்க கோச்சை அண்ணாங்கிறாங்க. அண்ணா! அந்த ஆளும் வெக்கமில்லாம பசங்க தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கிறான். அவனும் பிசிக்கல் டைரக்டர், நானும் பிசிக்கல் டைரக்டர்னு சொல்லிக்க எனக்கு நாக்கு கூசுது.

கடைசிக் கட்டம். நாங்க ஒரு ரன் பின்னாடி. அடிக்கிறவன் நிக்கிற இடம் போக மத்த மூணு பேஸ்லயும் எங்க ஆளுங்க நிக்கிறாங்க. பேட் பிடிச்சிருக்கறது நவநீதன். அவன் அவுட்டானா ஆட்டம் முடிஞ்சுது. இங்க ஒரு சட்டம் இருக்குங்க, இதைக் கவனமாக் கேளுங்க. எறியற பந்து அடிக்கிறவன் உடம்புல பட்டா அவனுக்கு ஒரு பேஸ் சும்மா கிடைக்கும். எல்லா பேஸும் நிறைஞ்சிருக்கறப்ப பட்டுச்சுன்னா முன்னாடி இருக்கற எல்லாரும் ஒரு பேஸ் நகரணும். ஒரு ரன் தானா வந்துரும். ஆட்டம் சமன். அடுத்து வர வேண்டியவன் எங்க டீம்லயே பலமா அடிக்கிறவன். கப்பு எங்க கையில இருந்த மாதிரிதான்.

பந்து வந்துச்சு. திரும்பி உள்ள வந்து, பேட்டைப் பிடிச்சிருக்கற கைமேலயே பட்டுச்சு. பட்டுன்னு ஒரு சத்தம். அம்பயருக்குச் சந்தேகம், பேட்டுல பட்டுச்சா கையில பட்டுச்சான்னு. கிட்டப் போய்க் கேக்குறார், 'தம்பி, கையிலயா பட்டுச்சு?'ன்னு. இவன் அசையாம நிக்கிறான். உதறலை. தேய்க்கலை. பேசலை. அம்பயர் இன்னொருக்கா கேட்டார். இவன் திரும்பி நேரா என்னையப் பாக்குறான்.

நான் என்னங்க பண்ணுவேன்? பேட்டுலதான் பட்டுச்சுன்னு நினைச்சேன். அத்தனை ஜனத்துக்கு முன்னாடி அம்பயர்கிட்ட ஒரு வார்த்தை பேசாம, சட்டை கசங்காம நிக்கிறான் பாருன்னு எனக்கு நெஞ்சு நிமிந்து போச்சு. தலையை ஆட்டினேன். அப்படித்தான் இருக்கோணும்னு ஆட்டினேன். நான் தலையாட்டுனதை அம்பயர் பாத்தார், 'பேட்டுல பட்டது, ஆடுங்க'ன்னுட்டார். அடுத்த பந்துக்கு இவன் சுத்துனப்ப பேட்டு கையை விட்டுக் கழண்டு போய் எங்கயோ விழுந்துச்சு. மூணாவது தடவை பந்தைத் தவறவிட்டா அவுட்டு. முடிஞ்சுது.

வெளிநாட்டுக்காரன் தேய்க்க மாட்டான், சரி. ஆனா தேய்க்காம பேஸைப் பாத்து நடந்துருவான்ல? இவன் தேய்க்கவும் இல்ல, நடக்கவும் இல்ல. புத்தி வேண்டாமா? ஒழுக்கத்தைக் கத்துக் குடுத்தா புத்தியையும் நானே பிசைஞ்சு ஊட்டணுமா? நீங்க சொல்லுங்க. நினைச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

தோத்தா கிரவுண்டுலயே தண்டால் எடுக்கணும். அது எங்க வழக்கம். அன்னைக்கு அந்த ரப்பர் பேண்டுப் பயலுக பாக்கட்டும்னே எடுக்கச் சொன்னேன். எல்லாரும் வரிசையாக் குனிஞ்சாங்க. நவநீதன் மட்டும் வலது கையை மூடி, முட்டியில ஊனி எடுக்குறான். சினிமா பாத்துட்டு ஸ்டைல் காட்டுறான்னு நினைச்சேன். தோத்துட்டு ஸ்டைலான்னு எனக்கு ஆத்திரம். 'கையை விரிடா'ன்னேன். விரிச்சான். கடைசி வரைக்கும் எடுத்தான். மத்தவங்களோட சேர்ந்துதான் எந்திரிச்சான், கொஞ்சமும் பிந்தலை. ரெண்டு விரல் முறிஞ்சவன் செய்யற காரியமாங்க இது? எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் எப்படித் தெரிஞ்சுதுன்னா, மெஸ்ஸுல இடது கையில சாப்பிடறான்னு வார்டன் என்கிட்டத்தான் புகார் கொண்டு வந்தார். எங்க டீம் பையன் இடது கையில சோறு திங்கிறதா? கூப்பிட்டு நிக்க வச்சேன். கையைக் காட்டச் சொன்னா, வீங்கிக் கத்தரிக்காய் நிறத்துல இருக்கு. ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போனது? நான். என் வண்டியில. முறிஞ்ச அந்த வலது கையாலயே என்னையப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தான் வழி நெடுக, ஒரு முனகல் இல்ல.

இதுக்குள்ள எவனோ அந்தத் தண்டாலைப் போன்ல பிடிச்சு ஊரெல்லாம் அனுப்பிட்டான். முகம்கூட சரியாத் தெரியாது அதுல. என் குரல் மட்டும் நல்லாக் கேக்குது, 'கையை விரிடா'ன்னு. அவ்வளவுதான், கமிட்டி போட்டாங்க. கமிட்டியாங்க அது? டீயில பிஸ்கட்டைத் தோச்சு, அது உடைஞ்சு டம்ளருக்குள்ள விழ, அதை விரல்ல எடுத்துத் திங்கிறார் ஒரு ஹெச்.ஓ.டி. அவர் என் ஒழுக்கத்தை விசாரிக்கிறார். ஒரு மேடம் கேக்குது, 'சார், உங்க டீம்ல பசங்க சந்தோஷமா இருக்காங்களா?'ன்னு. சந்தோஷமா! நான் என்ன சர்க்கஸா நடத்துறேன்? அடிபட்டதை அவன் மறைச்சுட்டான், எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். அப்ப அதை அந்தப் பையனே வந்து சொல்லட்டும்னுட்டாங்க.

அதுக்குத்தான் போனேன். ஓட்டு வீடு. வாசல் பூரா தேங்காய் மட்டை. உள்ள நுழைஞ்சதும் நவநீதன் பாயில இருந்து விசுக்குனு எந்திரிச்சு, கையைப் பின்னால கட்டி நின்னான். ஆஸ்பத்திரி, ஆபரேஷன்னு இத்தனை நாள் வீட்டோட கிடந்தும், பாருங்க, பழக்கம் போகலை. அதைப் பாத்ததும் எனக்குப் போன உசுரு வந்துச்சு.

அப்பன் பேரு செல்லமுத்து. சேரை எடுத்துப் போட்டான், துண்டால தொடைச்சான். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. விஷயத்தைச் சொன்னேன். கேட்டுட்டு அவன் சொல்றான்:

"ஏனுங் சார், கமிட்டிக்கு அனுப்பறதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. அதுக்கு முன்னால நீங்க ஒரு காரியம் பண்ணிக் குடுங்க. என்ற பையனுக்கு விரல்ல கம்பி வச்சு எடுத்தாச்சு. இப்ப தினமும் மடக்கிப் பழக்கோணுமாமா. ஆஸ்பத்திரியில இருக்கற டாக்டரம்மா மடக்குது. வலிக்கிற எடத்துல சொல்லு கண்ணு, அங்க நிறுத்திக்கிறேங்குது. இவன் சொல்றதில்லீங்க. வலிக்கலை, வலிக்கலைங்கிறான். அது நம்பி மடக்கிட்டே போயி, உள்ளார மறுபடி கிழிஞ்சு போச்சு. இன்னொருக்கா அப்படி ஆச்சுன்னா அந்த ரெண்டு விரலும் எப்பவும் மடங்காதுன்னு சொல்லிட்டாங்க. பேட்டு கெடக்கட்டும், நாளைக்கு ஒரு மம்முட்டி பிடிச்சு மண்ணு வெட்டோணும்ல? நாங்க சொல்லிப் பாத்தாச்சு. அவங்கம்மா அழுது பாத்தாச்சு. நீங்க கட்டுனதுங்க இது, நீங்கதான் அவுத்து உடோணும். வலிச்சா சொல்லுடான்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அனுப்பறேன்."

பையனோட அம்மா அக்கட்ட நின்னு சேலைத் தலைப்புல மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கு. எனக்கு இந்த அழுகை, மூக்குச் சிந்தறது எல்லாம் ஆகவே ஆகாதுங்க. உடம்பெல்லாம் புழு ஊர்ற மாதிரி இருக்கும்.

ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போயிருக்கலாமேன்னு நினைக்கிறீங்க. முகம் சொல்லுது. கொஞ்சம் யோசிங்க. வலிச்சா சொல்லுடான்னு இப்ப நான் சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்? முன்னாடி சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்னு அர்த்தம். செல்லமுத்து சும்மா இருப்பானா? நாளைக்கே கமிட்டியில வந்து, சார் எங்க வீட்டுக்கு வந்து சட்டத்தை மாத்திட்டுப் போனாருன்னு சொல்லுவான். நான் என்ன மடையனா? இருவது வருஷச் சர்வீஸை ஒரு வார்த்தையில தூக்கிக் குடுத்துருவனா?

அதனால நான் வேற பண்ணினேன். 'கையை நீட்டு'ன்னேன். நீட்டினான். முறிஞ்ச மோதிர விரலைப் பிடிச்சு மடக்கினேன், டாக்டர் மடக்கற மாதிரியே. 'வலிக்குதா?'ன்னேன்.

'நோ சார்!'

தெருவுக்கே கேட்டிருக்கும். கண்ணுல தண்ணி கோத்துச்சு. கீழ விழலை. விழ விடலை அவன். இன்னும் கொஞ்சம் மடக்கினேன். 'நோ சார்!' அப்பன் பக்கம் திரும்பி, 'பாத்துக்கங்க, பையன் நல்லாத்தான் இருக்கான், நீங்கதான் கெடுக்கறீங்க'ன்னேன். அப்ப கேட்டான் பாருங்க செல்லமுத்து ஒரு கேள்வி. 'நீயெல்லாம் மனுசனாய்யா?'ன்னான். நீயெல்லாம்! சேர் போட்டுத் தொடைச்ச அதே ஆளு. ஒரு வாத்தியாரைப் பாத்துக் கேக்குற கேள்வியா அது? இப்படிப்பட்ட வீட்டுல இருந்து வர்ற பசங்களைத்தான் நான் மனுசனாக்கிட்டு இருக்கேன்.

அதுக்கு மேல அங்க நிக்க எனக்குச் சகிக்கலை. 'நவநீதா, கிளம்பு'ன்னேன். சட்டையை மாட்டினான், பேண்டுக்குள்ள விட்டான், என் பையை எடுத்துக்கிட்டான். அப்பன் வாசலை மறிச்சு நின்னான், நவநீதன் அப்பன் தோளை ஒதுக்கிட்டு வெளிய வந்துட்டான். அந்தம்மா மட்டும் ஓடியாந்து கையைப் பிடிச்சுக்குச்சு. 'சாமி, போகாத சாமி'ன்னு. பிடிச்சது அந்தக் கையை. அவசரத்துல எந்தக் கைன்னு பாக்கலை போல. அது இழுக்குது, இவன் இந்தப் பக்கம் நடக்குறான், முகத்துல ஒண்ணுமே இல்ல. கொஞ்ச தூரம் அப்படியே வந்துச்சு. திடீர்னு என்ன பிடிச்சிருக்கோம்னு பாத்துச்சு. 'ஐயோ'ன்னு அதுதான் விட்டுருச்சு.

காங்கேயம் வந்துருச்சா? பாருங்க, பாதி வண்டி இறங்குது. இனி காலை நீட்டி உக்காரலாம்.

யாரு? ஆமாங்க, அவன்தான். முன்னாடி, டிரைவருக்குப் பின்னால நிக்கிறானே, அவன்தான் நவநீதன். இடது கையில என் பை இருக்கறதுனால வலது கையில கம்பியைப் பிடிச்சிருக்கான். சீட்டு காலியாத்தான் இருக்கு, நான் உக்காரச் சொல்லலைல்ல, அதான். ஈரோடு வரைக்கும் நிப்பான், ஒண்ணும் ஆகாது. தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல நாளைக்குச் சொல்ல வேண்டியதை ஒருக்கா சொல்லச் சொல்லிப் பாத்தேன். பிசிறு இல்லாம சொல்றான்.

என்னங்க, எங்க எந்திரிக்கிறீங்க? வண்டி ஓடுதுங்க, உக்காருங்க. அவன்கிட்ட என்ன கேக்கப் போறீங்க? அட, கேளுங்க. எனக்கென்ன பயம்? தாராளமாக் கேளுங்க. பையை வாங்கிக்கறேங்கிறீங்களா? குடுக்க மாட்டான். கை வலிக்குதா தம்பின்னு கேளுங்க, சொல்றானா பாப்போம்.

பாத்தீங்களா? கேக்குறது நீங்க. அவன் பாக்குறது என்னைய.

டேய், சார் கேக்குறாருல்ல. சொல்லு. நல்லா இருக்கேன்னு சொல்லு.